காலவெளி பெண் பார்க்கப் போனான்

காலத்தைக் கண்ணால் பார்க்கிற ஆள் லண்டனிலேயே ஒருவன்தான் இருந்தான். அவன் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தான். காப்புறுதிக் கம்பெனியில் வேலை. சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டோம். எங்களுக்கு அவன் 'காலவெளி'.

நீளம், அகலம், உயரத்தோடு காலத்தையும் நாலாவது பரிமாணமாகச் சேர்த்து மனக்கண்ணில் பார்த்தே தீருவது என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். மனதில் மூன்றுக்குத்தான் இடம் இருந்ததால், காலத்தை உள்ளே விடுவதற்காக உயரத்தை வெளியே அனுப்பிவிட்டான். அதனால் சமையலறை அலுமாரிக் கதவில் அடிக்கடி நெற்றி இடித்தது.

ஒருநாள் புட்டுக் குழலுக்குள் ஒரு பயற்றங்காயை நெடுக்காகச் செருகி அவித்தான். வெளியே வந்த புட்டைக் கத்தியால் வட்டம் வட்டமாக வெட்டினான்.

“மச்சான், இந்தத் துண்டு காலமை. இது பின்னேரம். எல்லாத்திலையும் ஒரு பச்சைப் பொட்டு தெரியுதெல்லே? அது நான். ஆனா உண்மையான நான் முழுப் பயற்றங்காய்.”

“அதில எனக்குச் சந்தேகமே இல்லை” என்றேன்.

இந்த நிலையில்தான் பக்கத்து ஊரான சட்டனில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவன் நெற்றியில் பிளாஸ்டர். பெண்ணின் தகப்பன் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி என்ன யோசிக்கிறியள்?”

“உங்களை முழுசாப் பார்க்கிறன், அங்கிள். தொட்டில்ல தொடங்கி நீட்டா வாறியள்.”

“எதுவரைக்கும்?”

காலவெளி கண்ணை இடுக்கினான். “வடிவாத் தெரியேல்லை. கிட்டத்தான் முடியுது போல.”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சப்பாத்தை எங்கே கழற்றினேன் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போது பெண் வாய் திறந்தாள். அவள் பல் வைத்தியர்.

“அப்ப நானும் நீட்டாத்தானே வருவன்? உங்களுக்குப் பக்கத்தில எவ்வளவு தூரம் வாறன்?”

அவன் நெடுநேரம் அவளையே பார்த்தான். முதன்முறையாகத் தடுமாறினான்.

“அது... இங்கயிருந்து பார்க்க ஏலாது. கூட வந்துதான் பார்க்கவேணும்.”

அவள் சிரித்துவிட்டாள். தகப்பன் என்ன செய்வார்? கலியாணம் நடந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று, பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றியபின் வாசலில் நின்ற என்னைப் பார்த்தான்.

“ஏன் மூஞ்சையைத் தொங்கப்போடுறாய்? நாங்கள் ஒண்டாச் சாப்பிட்டதெல்லாம் எங்கையும் போகேல்லை. அங்கயேதான் இருக்கு.”

சமையலறையைக் கைகாட்டிவிட்டுப் போனான்.

எனக்கு இன்றைக்கும் மூன்று பரிமாணத்துக்கு மேல் எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தனியாகச் சாப்பிட உட்காரும்போது, அவன் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.