சுரைக்காயின் சுற்றளவும் குட்டியின் எடையும்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை. குற்றம் என்னுடையதல்ல, சுரைப்பூ இருட்டிய பிறகுதான் விரிகிறது, அதோடு நானும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இங்கே இவரும் குட்டியும் சுகம், கொடி பரம சுகம், என்னைப் பற்றிக் கேட்காதே. நீங்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் விஷயத்துக்கு வருகிறேன்.

"தானே வளர்த்த காயைப் பிள்ளைங்க தட்டாம சாப்பிடும்டி" என்று சொல்லி விதை கொடுத்தாயே, அதை நம்பித்தான் இறங்கினேன். நாலு வயதுக் குட்டியின் எடை மூன்று மாதமாக அசையவில்லை, வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மொட்டைமாடித் தொட்டியில் விதை போட்ட மறுநாளே முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் தோண்டினேன். ஆறில் ஐந்து என் அக்கறை தாங்காமல் போய்ச் சேர்ந்தன. நான் காய்ச்சலில் படுத்த சமயம் பார்த்து ஒன்று முளைத்துவிட்டது. பிறகு பூவாகப் பூத்தது, பூவாகவே கொட்டியது. பட்டம் வாங்கியவள் இல்லையா, புத்தகத்தைப் புரட்டினேன். கொட்டியதெல்லாம் ஆண் பூவாம். பத்து நாள் கழித்து, அடியில் விரல்நுனிப் பிஞ்சோடு ஒரு பெண் பூ வந்தது. அன்று ராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குட்டியின் பெயிண்ட் பிரஷ்ஷால் நானே மகரந்தம் தடவிக்கொண்டிருந்தேன், கீழ்வீட்டு ரிடையர்டு வாத்தியார் தடியோடு வந்துவிட்டார்.

"யாருடா அது மாடியில?"

"நான்தான் சார். பூவுக்காக..."

"நடுராத்திரியில யாருக்கும்மா பூ?"

"சுரைக்காய்க்கு சார்."

தடியைக் கீழே இறக்கினார். "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் வரச் சொல்லும்மா" என்றார்.

காய் பிடித்தது, அக்கா! தினமும் பல் துலக்குவதற்கு முன்னாலேயே மாடிக்கு ஓடி, தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் குறித்தேன். ஒரு பக்கம் குட்டியின் எடை, மறுபக்கம் காயின் சுற்றளவு. சுற்றளவு ஏறிக்கொண்டே போகிறது, எடை படுத்தது படுத்தபடி. இன்று ராத்திரி சாப்பாட்டில் குட்டி வாயை இறுக மூடிக்கொண்டாள். "அதுக்கே ஊட்டும்மா. அதுதான் சமத்தா வளருது. நீ அதைப் பாத்துதான சிரிக்கிற."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இவர் சும்மா இருப்பாரா? "ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாதுன்னாங்க. வீட்டுச் சுரைக்காயும் உதவாது போலிருக்கே!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை சொன்னதில் என்ன தப்பு? அவள் தட்டுக்கு எதிரே நான் பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரியல்லவா நிற்கிறேன்! அதனால் முடிவு செய்துவிட்டேன். விடிந்ததும் கத்தியோடு போய் அறுத்துவிடுகிறேன். அவள் தின்றாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி, இந்த வீட்டில் ஒரு பிள்ளை போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். கொடுத்ததையெல்லாம் தின்கிற உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும், எனக்கொன்றும் பொறாமை இல்லை.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் தங்கை

பின்குறிப்பு: விடிந்த பிறகு எழுதுகிறேன். கத்தியோடு மாடி ஏறினால், கடைசிப் படியில் நின்ற இவர் உதட்டில் விரலை வைத்தார். காய்க்கு எதிரே குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ராத்திரி மீந்த சோறும் பீன்ஸுமாய்த் தட்டு. "வாயைத் தெற! இதுதான் கடைசி வாய். நீ திங்கலன்னா நானே தின்னுருவேன், ஆமா!" அச்சு அசல் என் குரல். காய் வாயைத் திறக்கவில்லை. இவளே தின்றாள். அடுத்த வாய்க்கும் அதே அதட்டல், அதே முடிவு. தட்டு காலி, அக்கா! கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இனி அந்தக் காயை யாரும் தொடக்கூடாது. ஆனால் முற்றிக் காய்ந்து போய்விடாதா? கொடியிலேயே எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரம் பதில் போடு.