பின்னறைத் துறவி

கடவுளைப் பற்றிப் படிப்பது என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தபோது அவர் படுத்திருந்தார். அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் படுத்துக்கொண்டு எடுத்தவைதான். உட்கார்ந்த நிலையில் நடந்த ஒரே காரியம் கல்யாணம். அந்த முடிவையும் மாமனார்தான் எடுத்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் முதலாளி இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்க, "மேல் வரியைப் படிங்க, இப்ப கீழ் வரியைப் படிங்க" என்று ஊரார் கண்ணைத் திறந்து வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தன் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த ஆசைக்குத்தான் வீட்டில் இடமில்லை.

கூடத்தில் படுத்தால் பாப்பா அவர் வயிற்றின் மேல் மூன்று சக்கர சைக்கிளை ஏற்றுவாள். படுக்கையறைக் கட்டிலில் எப்போதும் துணிக் குவியல். அவர் மனைவி அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். வெட்டிய துணி, வெட்டாத துணி, ஊசி குத்தி வைத்த துணி எல்லாம் கட்டிலில்தான் ஓய்வெடுக்கும். ஒருநாள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே சாய்ந்தவர், யாருடைய ஜாக்கெட் கையோ முதுகில் தொங்க எழுந்து கடைத்தெரு வரை போய்வந்தார்.

இந்த நேரத்தில்தான் பின்னறை காலியானது. வீட்டுச் சொந்தக்காரர் அதில் போட்டு வைத்திருந்த பழைய மேஜை நாற்காலியை ஒருவழியாக எடுத்துக்கொண்டு போனார். சின்ன அறைதான். ஒரு ஜன்னல், ஒரு விளக்கு. கண்ணாடிக்காரர் பார்த்தது அதையெல்லாம் இல்லை. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்பாடா! இனிமே மெஷினை இங்க போட்டுக்கலாம்," என்றாள் மனைவி.

அவள் சொன்னதும் நியாயம்தான். தையல் மெஷின் இத்தனை நாளும் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தது. சாப்பிடும்போது வாயில் நூல் வரும். எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள், யாருடைய சட்டை என்று தெரிந்துகொள்ள. தைத்துத் தைத்து அவளுக்கு முதுகு வலி வேறு. அந்த மேஜை சாப்பிடுவதற்குச் செய்த உயரம்.

நியாயத்தோடு சண்டை போட முடியாது. 'எனக்குத் தூங்க அறை வேண்டும்' என்று சொன்னால் எந்த வீட்டிலும் செல்லாது. வேறு ஒரு பெரிய காரணம் வேண்டும். மறுபேச்சு பேச முடியாத காரணம்.

அது கடைக்கே நடந்து வந்தது. பக்கத்துக் கல்லூரியின் சமயத்துறைப் பேராசிரியை, படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தவர், மேல்பட்டப் படிப்புகளின் விவரம் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இறையியலில் முதுகலை, சமயவியலில் முதுகலை என்று வகைவகையாக இருந்தது. எந்தப் பட்டம் வாங்கியவரும் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கண்ணாடிக்காரர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். ஒரு வாரம் அதன் மேலேயே படுத்து யோசித்தார். பிறகு அறிவித்தார்.

"நான் மேல படிக்கப்போறேன். கடவுளைப் பத்தி."

மனைவி மெஷினை நிறுத்தவில்லை. "கடவுளைப் பத்தியா? பாவம், அவர் உங்களை என்ன பண்ணாரு?"

"விளையாடாத. முதுகலை. எம்.ஏ."

"இளங்கலையவே நம்ம கல்யாணம் வரைக்கும் இழுத்தீங்களே."

"அது வயித்துக்குப் படிச்ச படிப்பு. இது ஆத்மாவுக்கு. இதுக்கு அமைதி வேணும். தனி ரூம் வேணும். கதவைச் சாத்திக்கிட்டு…"

"தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."

"ஆமா, தாழ்… நான் சொல்லவே இல்லையே?"

"தோணுச்சுங்க," என்றாள் அவள். "படிக்கிறேன்னு சொல்றப்ப வேணாம்னு சொல்ல நான் யாரு? மெஷின் எங்க இருந்தா என்ன. எடுத்துக்கங்க ரூமை. ஆனா எந்தப் படிப்புன்னு பார்த்து எடுங்க."

கண்ணாடிக்காரருக்கு ஒரு நிமிடம் திக்கென்றது. எட்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு சுலபமாக அவர் எதையும் ஜெயித்ததில்லை. ஆனாலும் ஜெயித்தவன் ஏன் என்று கேட்பானா? தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"முதல்ல இறையியல்," என்று படித்தார். "ரெண்டு வருஷம். கடைசியில ஒரு புத்தகம் எழுதிக் கொடுக்கணும்."

"மளிகைக்கு என்ன வேணும்னு எழுதச் சொன்னாலே கை வலிக்குதும்பீங்க."

"அடுத்தது சமய ஒப்பீடு. எல்லா மதத்தையும் படிச்சு, எது எதுல ஒத்துப்போகுது, எதுல மாறுதுன்னு சொல்லணும்."

"ஒங்க அம்மாவையும் என்னையும் ஒத்துப்போக வைக்கவே முடியல."

"சமயத் தத்துவம். கடவுள் இருக்கிறாரா இல்லையான்னு ரெண்டு பக்கமும் வாதாடணும்."

"அது தெரியறதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடும். அப்புறம்?"

"பழைய திருநூல்கள். செத்துப்போன மொழி மூணு கத்துக்கணும்." அவரே வேகமாகத் தள்ளினார். "அப்புறம் ஆற்றுப்படுத்தல். மனசு கஷ்டத்தோட வர்றவங்க சொல்றதைக் குறுக்க பேசாம, கொட்டாவி விடாம, உட்கார்ந்து கேக்கணும்."

மெஷின் நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இது நல்ல படிப்பு. இதை எடுங்க. பழகறதுக்கு நானே இருக்கேன். இப்பவே ஆரம்பிக்கட்டுமா?"

கண்ணாடிக்காரர் அவசரமாகக் கடைசி வரிக்குத் தாவினார். அங்கேதான் அவருடைய மோட்சம் இருந்தது.

"துறவு மரபுகள்! இங்க பாரு. தேர்வு கிடையாது. புத்தகம் எழுத வேண்டாம். தனியறை, மௌனம், தியானம், செய்முறைப் பயிற்சி. அவ்வளவுதான்!"

தியானம் என்றால் கண்ணை மூடுவது. மௌனம் என்றால் யாரும் கூப்பிடக் கூடாது. தனியறை என்றால் தாழ்ப்பாள். ஞாயிறு மத்தியானத் தூக்கத்துக்குப் பட்டமே கொடுக்கிறார்கள்!

மனைவியின் முகம் வாடியது. "ஐயோ, அது மட்டும் வேணாங்க."

"ஏன்?"

"துறவுன்னா எங்களை விட்டுட்டுப் போறது இல்ல?"

"சீச்சீ. படிப்புதான். வீட்டுல இருந்தே படிக்கலாம்."

"இருந்தாலும் ரொம்பக் கஷ்டமா இருக்குமாம். ஒங்களுக்கு ஒடம்பு தாங்காது. இறையியலே எடுங்களேன்."

"எடுத்தா இதுதான்," என்றார் கண்ணாடிக்காரர். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவருக்கு உறுதி ஏறியது. மறுநாள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி வந்த ஆட்களிடமெல்லாம் சொன்னார். கண்ணாடிக்காரர் தன் அம்மாவிடமும் போனில் சொன்னார். அம்மா அழுதாள். "என் பிள்ளை இப்படி ஆவான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னாள். வாரம் முடிவதற்குள், அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நேர்காணலுக்கு வீட்டில் ஒருவரை அழைத்து வர வேண்டும் என்றார்கள். மனைவியும் பாப்பாவும் போனார்கள். பேராசிரியை, அவர் மாற்றிக் கொடுத்த அதே கண்ணாடி வழியாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் படிப்பு ஏன் வேணும்னு நினைக்கிறீங்க?"

இதற்காகக் கண்ணாடிக்காரர் ஒரு வாரமாகத் தயாராகியிருந்தார். "அம்மா, எனக்குப் பணிவு வேணும். நான் என்கிற எண்ணம் ஒழியணும். எனக்குன்னு ஒண்ணும் வேண்டாம். இன்னொருத்தர் சொல்லுக்குக் கீழ்ப்படிஞ்சு நடக்கணும். சுகத்தை விடணும்." பேசப் பேச அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. கதவோரம் நின்ற கல்லூரி உதவியாளர் மூக்கை உறிஞ்சினார்.

பேராசிரியைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இப்படி ஒரு மாணவர் வந்து எத்தனையோ காலமாச்சு! செய்முறைப் பயிற்சி ஒங்களுக்குக் கஷ்டமே இருக்காது. முதல் பாதி வருஷம் வீட்டையே ஒரு மடமா நினைச்சு வாழணும்."

"தியானம்…" என்றார் கண்ணாடிக்காரர் ஆசையாக.

"உண்டு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, கூட்டும்போது. எந்த மதத்து மடத்துலயும் கைவேலைதான் பெரிய தியானம். கூட்டறது, துடைக்கிறது, சமையல், துணி துவைக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரத்தைத் தவிர வேற நினைப்பு வரக் கூடாது."

"தனியறை?"

"உண்டே. கட்டில் கூடாது. பகல்ல படுக்கக் கூடாது. துறவிக்குத் தனக்குன்னு ஒண்ணும் இல்ல பாருங்க, அதனால தாழ்ப்பாளைக் கழட்டிடணும். மடம்னா பிழைப்புக்கு ஒரு கைத்தொழில் வேணும். அந்த ரூம்ல தொழிலும் நடக்கணும். ஒங்க வீட்டுல ஏதாவது தொழில் உண்டா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "பெருசா ஒண்ணும் இல்லீங்க. ஒரு தையல் மெஷின் இருக்கு."

"அருமை! மடத்துக்கு ஒரு தலைவர் வேணும். அவங்க சொன்னதுக்கு மறுபேச்சு கிடையாது. மணி அடிச்சா மாணவர் வாயைத் திறக்கக் கூடாது." பேராசிரியை மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "இது தலைவருக்கு. ஒங்க குரலைக் கேட்டதுமே நினைச்சேன். போன மாசம் போன் பண்ணி இந்தப் பயிற்சியைப் பத்தி ஒவ்வொண்ணா விசாரிச்சது நீங்கதானே?"

கண்ணாடிக்காரர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"துவைக்கப் போடறப்ப சட்டைப் பையைப் பார்க்காம போட முடியுமாங்க?" என்றாள் அவள் அப்பாவியாக. "நான்தான் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. நீங்க எங்க கேட்டீங்க?"

மணி பாப்பா கைக்குப் போனது. தலைவிக்குக் கையில் வேலை இருக்கும்போது யாராவது அடிக்க வேண்டுமே.

அன்று முதல் அந்த வீட்டில் மடம் நடந்தது. கண்ணாடிக்காரர் இருட்டோடு எழுந்து கூட்டினார். பாத்திரத்தைத் தேய்த்தார். பாத்திரத்தைத் தவிர வேறு நினைப்பு நிறைய வந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பின்னறையில் ஜன்னல் வெளிச்சத்தில் மெஷின் கடகடவென்று ஓடியது. மனைவியின் உயரத்துக்கு ஏற்ற மேஜை வந்தது. முதுகு வலி போய், தைக்கும்போது அவள் பாடக்கூடத் தொடங்கினாள். சாப்பாட்டில் நூல் வருவது நின்றது. சமைத்தது யார் என்பதுதான் இப்போது பிரச்சினை.

"ஏங்க, உப்பு கொஞ்சம்…" என்பாள்.

"எனக்கு உப்புன்னா…" என்று அவர் ஆரம்பிப்பார்.

டிங்.

பாப்பாவுக்கு அந்த மணி சைக்கிளைவிடப் பிடித்துப்போனது. தும்மினால்கூட அடித்தாள்.

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பயிற்சிக் காலம் முடிந்தால் போதும். பாடம் மட்டும்தான் பாக்கி. பிறகு ஞாயிறு அவருடையது. பின்னறை போனாலும் கட்டில் இருக்கிறது. துணியெல்லாம் பின்னறைக்குப் போய்விட்டதால் கட்டில் இப்போது வெறிச்சென்று, வா வா என்று கிடந்தது. ஒருநாள் கூட்டப் போனவர் தலையணையை எடுத்து ஒருமுறை கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை வீட்டுக்கே வந்தார். கூட்டிப் பெருக்கிய மூலைகளைக் குனிந்து பார்த்தார். பாத்திரத்தில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினார்.

"இத்தனை மாணவர்களைப் பார்த்திருக்கேன். இவர் மாதிரி யாரும் இல்ல. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லன்னு தலைவி சொல்றாங்க!"

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனம் ஏற்கெனவே கட்டிலில் படுத்துவிட்டது.

"அவங்க ஒரு வேண்டுகோள் வச்சாங்க," என்றார் பேராசிரியை. "இவ்வளவு நல்லா பண்றவரைப் பாதியில நிறுத்தலாமான்னு கேட்டாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டது. முதுகலையோட சேர்த்து முனைவர் பட்டத்துக்கும் ஒங்களை இன்னிக்கே எடுத்துக்கிட்டோம். அதுல பாடம் கம்மி. அஞ்சு வருஷமும் செய்முறைப் பயிற்சிதான்!"

மனைவி பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கை தட்டினாள். "டாக்டர் ஆகப்போறீங்க! அத்தைகிட்ட இப்பவே போன்ல சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார்.

பாப்பா மணியை அடித்தாள்.