எலிஷா ப்ரூமின் பற்கள்

பாரோ க்ரீக் வட்டார ஆவணக் காப்பகம், காலஞ்சென்ற எலிஷா ப்ரூமின் குடும்பக் காகிதங்களை உரிய மரியாதையுடன் ஏற்றுக்கொண்டது. வயோமிங்கின் அந்தப் பக்கத்தில் எலிஷாவைத் தெரியாதவர் கிடையாது. ரயில் வருவதற்கு முன்பே பத்திரிகை நடத்தியவர். ஷெரீஃபைத் திட்டித் தலையங்கம் எழுதி, பக்கத்திலேயே அவரைக் கழுதையாகப் படமும் வரைந்தவர்.

பெட்டிகளைக் கொடுத்தது அவருடைய கொள்ளுப்பேத்தி டெல்ஃபைன். வரலாற்றின் மேல் உள்ள பற்றால் அல்ல; பரணில் ஆப்பிள் கூடை வைக்க இடம் வேண்டியிருந்தது. பரண் தூசியில் தும்மினால் பல்செட் தெறித்து விழும் என்று, அதைக் கழற்றி ஒரு பழைய தாளில் சுற்றிப் பெட்டிமேல் வைத்தாள். காப்பகத்து ஆட்கள் பெட்டியோடு அதையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே காப்பக இயக்குநர் லுண்ட்கிரன் முன்னால் போய் நின்றாள்.

"என் பவ்வு உங்க பெட்டியிய இருக்கு."

"எது?"

ஈறைத் தொட்டுக் காட்டினாள். (இனி அவள் பேச்சு, வாசகர் வசதிக்காக, பல்லோடு பேசியதாகவே தரப்படுகிறது.)

லுண்ட்கிரன் முகம் மலர்ந்தது. "ஓ, எலிஷா ப்ரூமோட பல்லைச் சொல்றீங்களா? பதிவு பண்ணியாச்சு மேடம். எங்ககிட்ட இருக்கறதுலயே அரிய பொருள்."

"தம்பி, அது என்னோடது. போன வருஷம் காஸ்பர்ல போய்க் கட்டினேன். பிளாஸ்டிக்!"

"அப்படியா? அந்தக் காலத்துலயே பிளாஸ்டிக்! எப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசி!"

"என் வாயில வெச்சுப் பாருங்க. கச்சிதமாப் பொருந்தும்."

"பொருந்தத்தானே செய்யும்? குடும்பத் தாடையாச்சே." லுண்ட்கிரன் சுவரில் இருந்த விதிப் பலகையைக் காட்டினார். "ஆனா படிப்பறைக்குள்ள உணவு, பானம், எச்சில் மூணுக்கும் அனுமதி இல்லை."

அதற்குப் பிறகு விஷயம் கைமீறிப் போனது. ஹார்லன் டிப்டன் என்ற பேராசிரியர், எலிஷாவின் தலையங்கங்கள் கடுமையாக இருந்ததற்குக் காரணம் கீழ்வரிசை உறுத்தியதுதான் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். இளைஞர்கள் கழுத்தில் பல்செட் தொங்கவிட ஆரம்பித்தார்கள். சொந்தப் பல் முழுசாக இருந்தவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு வாயை மூடியே பேசினார்கள்.

டெல்ஃபைன் மட்டும் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மகன் கல்யாணத்தில் முழு மாட்டுத் தொடையைச் சுட்டு வைத்திருந்தார்கள். அவள் அதை மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு, வாரிசு என்ற முறையில் அவளையே சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். பட்டுத்துணியை விலக்கியதும் வெல்வெட் மெத்தையில் பல் பளபளத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டெல்ஃபைன் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். பல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மேடம், துப்புங்க! அது பொதுச்சொத்து!" என்று லுண்ட்கிரன் அலறினார்.

"வாங்க தம்பி, கையை விட்டு எடுத்துக்கோங்க" என்று சொல்லி ஒரு தடவை 'டக்'கென்று கடித்துக் காட்டினாள்.

யாரும் பக்கத்தில் போகவில்லை. விதிமுறைப் புத்தகம் வரவழைக்கப்பட்டது. அரும்பொருளைச் சீரான வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைத்துப் பராமரிக்கலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. பேராசிரியர் தூர நின்றபடியே டெல்ஃபைனின் வாயைப் பரிசீலித்தார். காப்பகக் கட்டடத்தை விட அது மேல் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் வாய், காப்பகத்தின் கிளை அலுவலகமாக அங்கேயே அறிவிக்கப்பட்டது. மறுபடியும் கைதட்டல். கிளை அலுவலகம் நேராக விருந்து மேசைக்குப் போய் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை எடுத்துக்கொண்டது.

அப்போது உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்திருந்த பெண் எழுந்து, "அது சரி, அந்தக் காகிதங்கள்ல என்னதான் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

லுண்ட்கிரன் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர், குடும்பத்தாருக்குத் தெரியாததா என்பதுபோல் டெல்ஃபைனைப் பார்த்தார். டெல்ஃபைன் வாயில் கறி இருப்பதைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டு, ரொம்ப நேரம் மென்றுகொண்டே இருந்தாள்.

"பெட்டி பின்னாடி அறையில இருக்கு. வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்களேன்" என்றார் லுண்ட்கிரன்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "பரவாயில்ல சார். பல்லைப் பத்தியே எழுதிக்கறேன்."

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. ஊரே படித்தது.