அசையாது பாயும் ஆடுகிற பாத் டப்பும்

திருவண்ணாமலையில் ஆடாத குழாய் என்று ஒன்று இருந்தால், அதில் அசையாது பாய் கை வைக்கவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்வது அவருடைய எதிரி அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் அவரைத் தவிர வேறு பிளம்பரைக் கூப்பிடாத நானேதான்.

எந்த வேலையை முடித்தாலும் அதன் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "இனி அசையாதுங்க" என்பார். சில சமயம் தட்டின தட்டில் அது கையோடு வந்துவிடும். "சரக்கு சரியில்லீங்க, வேலை சரியாத்தான் இருக்குது" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்வார்.

அப்போது செங்கம் ரோட்டில் சரோஜா அக்காவின் கெஸ்ட் ஹவுஸில் நான் மேனேஜர். வாட்ச்மேனும் நான்தான். கணவர் போன பிறகு அக்கா மாடியில் அறைகள் கட்டி வாடகைக்கு வைத்திருந்தார். எல்லாம் காலி. வீட்டை விற்றுவிட்டு வேலூரில் தம்பியோடு போய் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்த நேரத்தில், முட்டிவலிக்கார ஜெர்மன் அம்மா ஒருவர் போன் செய்தார். காலை நீட்டி வெந்நீரில் உட்கார ஒரு டப் இருந்தால் கார்த்திகையிலிருந்து மாசிவரை தங்குவாராம். அக்கா அன்றைக்கே டப்புக்குச் சொல்லிவிட்டார்.

கொத்தனார் தரையைச் சரிவாகப் பூசிக் கொடுத்தார். பாய் டப்பைப் பொருத்தினார். தட்டினார். "இனி அசையாதுங்க."

அக்கா புடவையோடு ஏறி உட்கார்ந்தார். 'டக்' என்று ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பினார். மறுபக்கம் ஒரு 'டக்'.

"இன்னா பாய், தொட்டில் கணக்கா ஆடுது?"

"ரோட்ல லாரி போச்சுக்கா."

லாரி போகாதபோதும் ஆடியது. பாய் அடியில் ஓட்டுத் துண்டு வைத்தார். பிறகு ரப்பர் செருப்பை அறுத்து வைத்தார். அது என் செருப்பு. அப்படியும் நிற்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் போகும் ஓட்டை தரையில் ஒரு கோடியில், டப்பில் மறுகோடியில். நடுவே ஒரு ரப்பர் குழாய் வளைந்து வளைந்து போனது. சரிவுக்குத் தகுந்தபடி நெட்டையும் குட்டையுமாக வைத்த கால்கள் இடம் மாறி நின்றன.

"பாய், டப்பத் திருப்பிப் போட்டுட்டீங்களே!"

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார் சாவகாசமாக. "நேராப் போட்டா அந்தம்மா காலு மலையப் பாத்து நீட்டும். அவங்களுக்குத் தெரியாது, சரி. போட்டவனுக்குத் தெரியுமில்ல?"

"மலை உங்களுக்கு என்னா பாய்?"

"நல்லாக் கேட்டீங்க. எங்க வீட்ல யாரும் அந்தப் பக்கம் கால் நீட்ட மாட்டாங்க. தூக்கத்துல நீட்டுனாக்கூட எங்கம்மா இழுத்து மாத்திப் போடுவாங்க."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நொடியே அடுத்த கவலை. "அய்யோ, அப்போ தலை வடக்கால வருதே பாய்!"

"அது படுக்கறதுக்குக்கா. இது உக்காந்து குளிக்கறது."

அக்காவுக்குத் திருப்தி. ஆனால் மறுநாள் சாயங்காலம் விருந்தாளி வந்துவிடுவார். டப்பைத் திருப்பவும் முடியாது, ஆடவும் விட முடியாது. அடியில் சிமெண்ட் கலவையை அடைத்து, டப்பில் தண்ணீரும் ஆளுமாகப் பாரம் ஏற்றி, இறுகும்வரை அப்படியே வைக்க வேண்டும் என்றார் பாய்.

"ஆள் யாரு?" என்று கேட்டுவிட்டுப் பின்வாங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் கலவையை அடைத்துவிட்டு, லுங்கி சட்டையோடு அவரே ஏறி உட்கார்ந்தார். கார்த்திகைக் குளிர். மார்வரை பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றட்டுமா என்றால், கலவை வெடித்துவிடும் என்றார். இட்லி, டீ எல்லாம் அங்கேயே. தும்மல் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க அடக்கினார்.

சாயங்காலம் வர வேண்டிய கார் மத்தியானமே வந்துவிட்டது. ஜெர்மன் அம்மா கைப்பிடியைப் பிடித்து மெல்ல மாடி ஏறினார். அவருடைய டப்பில் தாடி வைத்த ஒருவர் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் மேடம். நோ ஷேக்!" என்றார் பாய், பல் கிட்டிக்கொள்ள.

அக்காவின் முகம் செத்துவிட்டது. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மலை, கால், கலவை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் பாய்க்கு நல்ல காய்ச்சல். அக்கா கொடுத்த மிளகு ரசத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அந்தம்மா குளிச்சாங்களா? டப்பு ஆடுச்சா?"

"இல்ல பாய். மாசிவரைக்கும் இருக்கறாங்களாம். அக்கா வேலூருக்குப் போவல."

"அப்போ செரி. நீங்க போய் வேலையப் பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் போகவில்லை. ரசத்தைக் குடித்தால்தான் பாத்திரத்தை எடுத்துப் போக முடியும் என்று சாக்குச் சொல்லிவிட்டு, அவர் நெற்றியில் வியர்வை அரும்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.