கதவு வேறு, வீடு வேறு

பத்திரச் செலவைக் குறைத்துக் கொடுக்கும் புண்ணியவான்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைக் கேலி செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் முதலில் ஒரு நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடவுள் என்னைத்தான் கேட்பார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் நிறைமாதப் பெண் ஒருத்தி நாற்காலி கிடைக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இனத்தில் ஒருவர், நாங்கள் பத்திர அண்ணன் என்று அழைப்பவர், யாரோ கூப்பிட்டது போல நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனார். யாரும் கூப்பிடவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் வரை வெயிலில் நின்றார். இதை இன்றுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்வார்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சராசரி மனிதர் எத்தனை அறை, தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்பார். இவர் கேட்பது ஒன்றே ஒன்று: "பத்திரத்துல எவ்வளவு போடறீங்க?" நீங்கள் உண்மையான விலையைச் சொன்னதும், நோயாளியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். "முழுசாவா?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் நீங்கள் ஊரிலேயே பெரிய முட்டாளாகிவிடுவீர்கள். பிறகு பேனாவை எடுப்பார், ஒரு பழைய கவரின் முதுகில் கணக்குப் போடுவார், முத்திரைத் தாளுக்கு இவ்வளவு, பதிவுக் கட்டணம் இவ்வளவு, எழுதுபவருக்கு இவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு தொகைக்கு வட்டம் போட்டு, "இது உங்களுக்கு மிச்சம்" என்பார். அந்த வட்டத்தைப் பார்த்து மயங்காதவர் உண்டா?

பதிவு அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எப்போது ஆள் இருப்பார், நகல் எடுக்கும் கடைக்காரருக்கு எப்போது கோபம் வரும், விரல் மையை எந்தச் சுவரில் துடைக்கலாம், எல்லாம் எங்கள் பத்திர அண்ணனுக்கு அத்துப்படி. தொழில் என்னவோ மூக்குக் கண்ணாடிக் கடை. குடியிருப்பதோ வாடகை வீடு. அதனால் என்ன? நீச்சல் சொல்லிக் கொடுப்பவர் கரையில்தானே நிற்கிறார்!

அவரிடம் என் தங்கையும் மாப்பிள்ளையும் அகப்பட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை லாரி டயருக்கு ஒட்டுப் போடுகிறவர். பிள்ளைகள் மூவர். பதினைந்து வருஷம் வாடகை வீடு மாறி மாறி, வீட்டுக்காரர் முகம் சுளிக்கும்போதெல்லாம் மூட்டை கட்டி, கடைசியில் ஒரு சின்ன வீடு அமைந்தது. விற்கிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், நல்ல மனிதர். வங்கியும் கடன் தருவதாகச் சொல்லிவிட்டது. சிவனே என்று முழு விலையையும் எழுதிப் பதிந்திருக்கலாம்.

பத்திர அண்ணன் விடுவாரா? யோசனை அவருக்கு ஊற்றாய்ப் பெருகியது. வீட்டு விலைக்குத்தானே முத்திரைத் தாள்? கதவுக்கு உண்டா? ஜன்னலுக்கு உண்டா? ஆகவே சுவரும் கூரையும் தரையும் பத்திரத்தில் ஒரு விலைக்கு, கதவு ஜன்னல் அலமாரி எல்லாம் 'சாமான்' என்று தனிச் சீட்டில் ஒரு விலைக்கு. சீட்டில் அவர் போட்ட விலையைப் பார்த்தால் அந்தக் கதவுகளைச் செய்தது தச்சனா, தட்டானா என்று சந்தேகம் வரும். பொய்யைப் பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வங்கிக்காரர் பத்திர விலையைப் பார்த்தார். பத்திரத்தில் என்ன விலையோ அதற்குத் தக்கபடிதான் கடன், கதவுக்கெல்லாம் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார். செலவில் மிஞ்சியது கைப்பிடி. கடனில் குறைந்தது மூட்டை. மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. பத்திர அண்ணன் அசையவில்லை. வாங்கின முத்திரைத் தாளை வீணாக்கக் கூடாது, சுவருக்கு உண்டான பணத்தைக் கொடுத்துப் பதிந்துவிடுங்கள், சாமான் பணத்தை மெதுவாகக் கொடுக்கலாம், டிரைவர் தங்கமானவர் என்றார்.

டிரைவர் தங்கமானவர்தான். இரண்டு மாதம் பொறுத்தார். அவருக்கும் மகள் கல்யாணம் வந்தது. மூன்றாவது மாதம் சீட்டோடும் ஒரு தச்சரோடும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகச் சொன்னார்:

"தப்பா நினைக்காதேம்மா. இவ்வளவு விலை போட்ட கதவை நான் எப்படி சும்மா விட்டுட்டுப் போறது? பணத்தைக் கட்டக் கட்ட ஒவ்வொண்ணா கொண்டாந்து நானே மாட்டித் தரேன்."

"அப்ப வீடு?" என்றாள் தங்கை.

"வீடு உங்களுதுதாம்மா. யாரு இல்லைன்னா?"

பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று குளியலறைக் கதவை மட்டும் விட்டுவிட்டுப் போனார். வாசலில் போர்வை தொங்கியது. மாப்பிள்ளை நிலைப்படிக்குக் குறுக்கே படுத்து, தாமே கதவானார். கதவில்லாத வீட்டுக்குள் கடவுள் தாராளமாக வரலாம். ஆனால் தெருநாயும் வந்ததே! அதற்குப் பின்னால் மழையும் வந்தது. சொந்த வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு தங்கை அடுப்பு மூட்டினாள். மறுபடி வாடகைக்கே போய்விடலாமா என்று ஒரு நாள் கேட்டாள். மாப்பிள்ளை ஒட்டுப் போட இன்னும் இரண்டு லாரி டயரை எடுத்துக்கொண்டார். அந்த மழைக்கு நடுவே பத்திர அண்ணன் ஒரு தரம் வந்து, வாசலில் நின்று பார்த்து, காற்றோட்டமான வீடு என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தவணைக்கு ஒரு கதவாகத் திரும்பி வந்தது. வாசல் கதவு முதலில், ஜன்னல்கள் பிறகு, அலமாரி கடைசியில். அலமாரி வந்த அன்று தங்கை வாசல் கதவைச் சாத்தி, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன முறை உங்கள் கூடப் பிறந்தவரோ கூட வேலை பார்ப்பவரோ வீடு வாங்குகிறேன் என்று சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தீர்களா, இல்லை "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்..." என்று ஆரம்பித்தீர்களா? சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பேனா இருக்கிறதா?

பத்திர அண்ணன் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் தங்கை வீட்டுக்கு விடைபெற வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று காத்திருந்தோம். தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொன்னார், கிளம்பும்போது வாசல் கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த மழை முழுக்க டிரைவர் வீட்டுல நனையாம இருந்திருக்கு பாத்தியா? அதுவும் மிச்சம்தானே, தங்கச்சி."