சாட்சிக்கு வைத்த பரிட்டோ

“பத்து மணிக்கு எந்தப் பக்கம் கை தூக்கப் போறீங்க, செனட்டர்? இப்பவே சொல்லுங்க.”

இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடாதே என்று செனட்டரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே யெசேனியாவிடம் சொல்லியிருந்தார்கள்.

செனட்டர் விட்லாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உயர்நிலைப் பள்ளிகளில் முதல் மணி அடித்ததும் எல்லாருக்கும் இலவசக் காலைச் சாப்பாடு. அதுதான் மசோதா. செனட் குழுவில் ஆதரவும் எதிர்ப்பும் நாலுக்கு நாலு. அவர் கைதான் மிச்சம்.

“பதினாறு வயசுப் பசங்களுக்குக் காலையில பசிக்காதும்மா. குடுத்தா குப்பைக்குத்தான் போகும். மாதிரிச் சாப்பாடு காட்டறேன்னியே, எங்கே?”

“திருடு போயிடுச்சு.”

“மறுபடியுமா!”

திங்களன்று பள்ளிச் சமையலறையில் கெஞ்சி வாங்கிய பரிட்டோவை, அதாவது முட்டை வைத்துச் சுருட்டிய ரொட்டியை, அலுவலக ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் காலை தட்டு காலி. புதிதாக வாங்கி, ‘சாட்சிப் பொருள், தொடாதே’ என்று எழுதி ஒட்டினாள். புதன்கிழமை சாஸ் பொட்டலமும் சேர்ந்து போயிருந்தது.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. மசோதாவைக் கவிழ்க்க அலையும் வரிகட்டுவோர் சங்கத்து ஆள் கெஸ்லர்தான். நடைபாதையில் மறித்து அவன் டையைப் பிடித்தாள்.

“இந்த மஞ்சக் கறை முட்டைதானே?”

“கடுகு சாஸ்! வேணும்னா மோந்து பாரு!”

மோந்து பார்த்தாள். கடுகுதான். பத்து நிமிடத்தில் அவள்மேல் புகார் போனது.

மூன்றாவதாக ஒரு பரிட்டோ வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியைப் பத்திரமாகச் செனட்டரின் மேசையிலேயே வைத்தாள். இன்று வியாழன். பூட்டு அப்படியே இருந்தது. தட்டு காலி.

“கெஸ்லர் கள்ளச்சாவி போட்டிருக்கான், சார்.”

“ஆதாரம் இல்லாம யாரையும் சொல்லாதே. சாப்பாடும் இல்ல, சாட்சியும் இல்ல. நான் எப்படிக் கை தூக்கறது?”

“பதினாறு வயசுல நானும் பசிக்கலன்னுதான் சொன்னேன். இலவசச் சாப்பாட்டு வரிசையில நின்னா இல்லாத வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சிடும்னு. அதை நானே வந்து சொல்றேன்.”

“ஊழியர்கள் குழு முன்னாடி பேசக் கூடாது. விதி தெரியுமில்ல?”

“தெரியும்.” கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

வாசல் காவலர் ஓடெல், குழு முன் சாட்சி சொல்ல வருபவர்கள் பெயர் எழுதும் சீட்டை நீட்டினார்.

“கீழே என் பேரையும் எழுதிக்க, தாயீ, இன்னியோட எனக்கு ரிட்டயர்மென்ட். ‘பசிச்சா மூளையே ஓடமாட்டேங்குது, ஓடெல், யார்கிட்டயும் சொல்லிடாதே’ன்னு மூணு நாளாக் காலையில உன் செனட்டர் அந்த பரிட்டோவைத் தின்னப்போ, கதவுக்குக் காவல் நின்னது நான்தான்.”