இடது காலுக்கு வேலையில்லை

மனிதர்களில் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்றொரு இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். புது மிக்சியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பிரிக்காமலே பரணில் எறிவார்கள். அடுத்தவர் வீட்டுக் கதவு திறக்காவிட்டால் தள்ளுவதா இழுப்பதா என்று கேட்காமல் தோளால் இடிப்பார்கள். தெரியாத ஊரில் வழி கேட்பதைவிடப் பெட்ரோல் தீரும்வரை சுற்றுவதே மரியாதை என்று நினைப்பார்கள். கேட்டால் என்ன, தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடுமா? இறங்கிவிடும் என்றுதான் அவர்கள் நம்புகிறார்கள். இந்த இனத்தை முழு உருவத்தில் பார்க்க ஆசையா? இரவல் காரில் ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

நமக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இதில் கலப்படமில்லாத ரகம். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிற மனிதர், தான் வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய காரைத்தான் இன்னமும் ஓட்டுகிறார். அதன் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும், கியரைக் கெஞ்சிப் போட வேண்டும், ஹார்னை அடித்தால் வைப்பர் ஆடும். அவரைத் தவிர யாருக்கும் அது கட்டுப்படாது. ஆகவே உலகத்திலுள்ள கார்களெல்லாம் தனக்குக் கட்டுப்படும் என்பது டாக்டரின் கணக்கு.

அந்தக் கார் ஒருநாள் பட்டறையில் போய்ப் படுத்துக்கொண்டது. நாள் பார்த்துப் படுத்ததுபோல, மறுநாள்தான் மகளுக்குக் கல்லூரியில் கடைசித் தேர்வு. கட்டடக்கலை படிக்கிற பெண். தூக்கம் கெட்டு, விரலை வெட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் அட்டையாலும் பசையாலும் ஒரு நூலகம் கட்டியிருந்தாள். படிக்கட்டு, ஜன்னல், கூரை, வாசலில் வரிசையாகப் பஞ்சு மரங்கள் எல்லாம் உண்டு. அதை முழுசாகக் கொண்டுபோய்த் தேர்வாளர்கள் முன்னால் வைத்தால்தான் பட்டம்.

டாக்டரின் மச்சினர் தன் புதுக் காரைக் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுக்கும்போது, “அத்தான், இது ஆட்டோமேட்டிக். கியர் தானா மாறிக்கும், கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு வேலையில்ல” என்று ஆரம்பித்தார்.

“எல்லா வண்டியும் ஒண்ணுதான்” என்று முடித்துவைத்தார் டாக்டர். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமே என்று மச்சினர் இழுத்ததற்கு, பிறக்கும்போதே ஸ்டியரிங்கோடு பிறந்தவரைப் போல ஒரு சிரிப்புதான் பதில்.

மறுநாள் காலை, பின்சீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து, இருவர் மடியிலுமாக நூலகத்தை ஏந்திக்கொண்டார்கள். டாக்டர் சாவித் துவாரத்தைத் தேடினார். இல்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல நடித்துக்கொண்டே கீழே, மேலே, பக்கத்தில் தடவிப் பார்த்தார். தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்றாள் மனைவி. அது அவர் காதில் விழவில்லை. கடைசியில் ஒரு பொத்தான் அகப்பட்டது. அமுக்கினார், ரேடியோ பாடியது. மறுபடி அமுக்கினார், பாட்டு நின்றது. பழைய காரில் செய்வதுபோல இடது காலால் கிளட்சை மிதித்துக்கொண்டு அமுக்கினார். எஞ்சின் உறுமியது.

“பார்த்தியா?” என்றார், மனைவியிடம்.

அவர் மிதித்தது பிரேக். பிரேக்கை மிதித்தால்தான் அந்தக் கார் கிளம்பும். தப்பு செய்தவருக்கு உடனே பலன் கிடைத்துவிட்டால், அப்புறம் அவரைத் திருத்த யாரால் முடியும்?

தெருமுனையில் வேகத்தடை. டாக்டரின் இடது கால் இத்தனை வருடப் பழக்கத்தில் கிளட்சைத் தேடியது, அகலமாக ஒன்று அகப்பட்டது, ஓங்கி மிதித்தது. காருக்குள் மூவரும் ஒரே நேரத்தில் குனிந்து சாலைக்கு வணக்கம் சொன்னார்கள். பின்னால் வந்த வேன்காரர் எப்படி நிறுத்தினார் என்பது அவருக்கே தெரியாது. நூலக வாசலில் ஒரு மரம் விழுந்தது.

“பிரேக் ரொம்ப முரடா இருக்கு” என்றார் டாக்டர். அடுத்த திருப்பத்தில் சிக்னல் விளக்கைப் போடப்போக, பளீரென்ற வெயிலில் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியைத் துடைத்தது. அதை நிறுத்தும் குழப்பத்தில் மறுபடி கிளட்ச், மறுபடி வணக்கம். இன்னும் இரண்டு மரம், ஒரு படிக்கட்டு. மச்சினன் வண்டியைப் பராமரிப்பதே இல்லை என்றார். சாலை சரியில்லை என்றார். ஷூ புதுசு என்றார். மூன்றாவது வணக்கத்தில் கூரையே நழுவியது. மகள் இரண்டு கையாலும் சுவர்களைப் பிடித்தபடி, கூரையை மோவாயால் அழுத்திக்கொண்டாள்.

“அப்பா, நிறுத்துங்க. நான் இறங்கி நடந்தே போயிடறேன்.”

கல்லூரி ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. டாக்டர் காரை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். மோவாயில் கூரையும் கண்ணில் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தாள். முதன்முதலாக அவள் பல் விழுந்தபோதுகூட அவளுக்கு முன்னால் அழுதவர் அவர்தான். ஆனாலும் கேட்பதாவது? தொண்டையை இரண்டு முறை செருமிக்கொண்டார். ரேடியோவைப் பார்த்துச் சொன்னார்:

“உங்க மாமா, கால் பத்தி என்னவோ சொல்லிட்டிருந்தார் போல.”

இந்த இனத்தில் இதற்குமேல் யாரும் இறங்கி வந்ததில்லை.

“இடது காலுக்கு வேலையில்லன்னார்ப்பா. மடிச்சு உட்கார்ந்துக்கோங்க.”

டாக்டர் ஷூவைக் கழற்றினார். பந்தியில் உட்காருபவரைப் போல இடது காலை மடித்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். கார் வெண்ணெயாக நகர்ந்தது. வழிநெடுக யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

கல்லூரி வாசலில் மகள் பசை தடவிப் படிக்கட்டையும் கூரையையும் நிறுத்திவிட்டாள், மரங்கள்தான் பிழைக்கவில்லை. வாசல் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று தேர்வாளர் கேட்டதற்கு, காற்றோட்டத்துக்காக விட்டதாகச் சொன்னாளாம். அவர் தலையாட்டி மார்க் போட்டாராம். தப்பைத் தெரிந்தே செய்ததுபோலக் காட்டிக்கொள்வதும் அப்பா வழிதான் போலிருக்கிறது.

சாயங்காலம் சாவியை வாங்கிக்கொண்ட மச்சினர், வண்டி எப்படி இருந்தது என்று விசாரித்தார். மடங்கிக் கிடந்து மரத்துப்போன காலோடு நொண்டிக்கொண்டே டாக்டர் சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்.

சில நாள் கழித்துப் பழைய கார் தயாராயிற்று. டாக்டர் ஏறினார், இடது காலை மடித்துப் போட்டார், சாவியைத் திருகினார். கார் பட்டறை வாசலில் ஒரு குதி குதித்து உயிரை விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வேலை சரியில்லையே என்று கண்டித்துவிட்டு வந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள்: போன தடவை சொந்தக்காரர் வீட்டில் தங்கியபோது, குளியலறையில் சுடுதண்ணீர்க் குழாய் எது என்று ஒரு வார்த்தை கேட்காமல், பச்சைத் தண்ணீரில் பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு வெளியே வந்து, “தண்ணி நல்ல சூடு” என்று சொன்னது யார்?